ரெண்டு டார்: ஒண்ணு திருச்சி, ஒண்ணு இஸ்ரேல்

நம்ம நாட்டு ஆயுதக் கிடங்கில் ஒரே சுருக்கப் பெயரோட ரெண்டு துப்பாக்கி இருக்கு மக்களே. ஒண்ணு, திருச்சி நவல்பட்டு துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யற "திருச்சி அசால்ட் ரைஃபிள்". இன்னொண்ணு, இஸ்ரேல்காரங்க செஞ்ச "டவோர் அசால்ட் ரைஃபிள் 21". முதல் எழுத்துகளைக் கூட்டினா ரெண்டுமே டி.ஏ.ஆர். நான் செல்லமா "டார்"னு கூப்பிடறேன். பேர்ப்பொருத்தம் அவ்வளவுதான். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, ஒண்ணு துப்பாக்கி மாதிரி இருக்கும். இன்னொண்ணு யாரோ துப்பாக்கியைப் பாதியா வெட்டி, முன்பாதியைத் தூக்கிப் பின்பாதிக்குள்ள திணிச்ச மாதிரி இருக்கும்.

அந்த ரெண்டாவது வடிவத்துக்குப் பேர் புல்பப். நாய்க்குட்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு என்கிட்ட கேக்காதீங்க. இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால இந்த ரெண்டு வடிவத்துல எது உசத்தின்னு ஒரு அலசல்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் துப்பாக்கி வெறியன் எல்லாம் இல்லை. எலி செத்துக் கிடந்தாலே நாலு அடி தள்ளிப் போற ஆளு. படிச்சது மெக்கானிக்கல், தட்டறது பொட்டி. படிச்ச படிப்பை வேலை மறக்கடிச்சுடக் கூடாதேன்னு எப்பவாவது இந்த மாதிரி எதையாவது எடுத்து நோண்டறது வழக்கம். அப்புறம், எங்க ஊர் திருவரங்குளம். ஆலங்குடி ரோட்டுல, புதுக்கோட்டையில பஸ் ஏறினா கண்ணசரத்துக்குள்ள வந்துடற ஊர். அரங்குளநாதர் கோயில், முந்திரித் தோப்பு, தைலமரக் காடு. அங்கேருந்து திருச்சிக்குப் போகணும்னா புதுக்கோட்டை, நார்த்தாமலை, கீரனூர், மாத்தூர்னு போய் ஏர்போர்ட் வழியாத்தான் உள்ள நுழையணும். ஏர்போர்ட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே நவல்பட்டு. 1966-லேருந்து அங்க துப்பாக்கி செஞ்சுக்கிட்டு இருக்காங்க. ஆக, உலகத்துல இருக்கற ஆயுதத் தொழிற்சாலைகள்ல ஒண்ணு, எங்க ஊர் ஆளுங்க டவுன் பஸ்ல போய்ச் சேரக்கூடிய தூரத்துல இருக்கு. எழுதறதுக்கு இந்தத் தகுதி போதாதா?

பஸ் எஞ்சினும் துப்பாக்கி எஞ்சினும்

சரி, மேட்டருக்கு வருவோம்.

துப்பாக்கியோட எஞ்சின் எதுன்னா, தோட்டா வெடிக்கற அறையும், அதுல தோட்டாவைத் தள்ளி, வெடிச்சதும் காலிக்கூட்டை வெளியே எறிஞ்சு, அடுத்த தோட்டாவை ஏத்தற போல்ட்டும்தான். மேகசின் (தோட்டா அடுக்கின பெட்டி) எப்பவும் இந்த எஞ்சினுக்கு நேர் கீழே இருக்கணும்.

வழக்கமான வடிவத்துல தோள்ல முட்டுக் கொடுக்கற கட்டை, அதுக்கு முன்னாடி கைப்பிடியும் விசையும், அதுக்கும் முன்னாடி எஞ்சின், அப்புறம் குழல்னு வரிசையா வரும். நம்ம பழைய அரசுப் பேருந்து மாதிரி. டிரைவர் பக்கத்துலயே எஞ்சின் இருக்கும், அது மேல பெட்டி மாதிரி ஒரு மூடி இருக்கும், கூட்டம் ஜாஸ்தியானா நாலு பேர் அது மேலயும் உட்காருவாங்க. எஞ்சினுக்குன்னு முன்னாடி இடம் போயிடும். பின்னாடி நீளமா சீட்டு.

துப்பாக்கியில அந்தப் "பின்னாடி நீளமா சீட்டு"தான் தோள் கட்டை. அது ஒரு வேலையும் செய்யறதில்லை. தோளுக்கும் கைக்கும் நடுவுல இடைவெளியை நிரப்பறதோட சரி. முப்பது செ.மீ. நீளத்துக்கு வெட்டியா ஒரு கட்டை.

புல்பப்காரன் கேட்டது ஒரே கேள்வி. "அந்த வெட்டி இடத்துல எஞ்சினை வெச்சா என்ன?" வெச்சுட்டான். வால்வோ பஸ் மாதிரி எஞ்சின் பின்னாடி போயிடுச்சு. விசையும் கைப்பிடியும் முன்னாடி வந்துடுச்சு. மேகசின் கைப்பிடிக்குப் பின்னாடி, கிட்டத்தட்ட அக்குள் பக்கத்துல தொங்குது.

என்ன லாபம்? எண்ணைப் பாருங்க.

இன்சாஸ் (நம்ம நாட்டு வடிவமைப்பு, வழக்கமான வகை): மொத்த நீளம் 960 மி.மீ., குழல் 464 மி.மீ.

டவோர் 21 (புல்பப்): மொத்த நீளம் 720 மி.மீ., குழல் 460 மி.மீ.

குழல்ல வித்தியாசம் வெறும் நாலு மில்லிமீட்டர். மொத்த நீளத்துல வித்தியாசம் 24 சென்டிமீட்டர். ஸ்கூல் பசங்க வெச்சிருக்கற அடிஸ்கேல்ல முக்கால்வாசிக்கு மேல. இன்சாஸ்ல மொத்த நீளத்துல பாதிகூட குழல் இல்லை. டவோர்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு குழல்.

"குழல் நீளம் அவ்வளவு முக்கியமா, குட்டையா வெட்டிட்டுப் போறதுதானே?"ன்னு கேப்பீங்க. இந்த 5.56 மி.மீ. தோட்டா ரொம்பச் சின்னது. அது வேலை செய்யறதே வேகத்தை நம்பித்தான். குழலுக்குள்ள இருக்கற வரைக்கும்தான் பின்னாடி இருக்கற வாயு அதைத் தள்ளும். குழல் குட்டையானா தள்ளற நேரம் கம்மி. அமெரிக்காக்காரன் எம்-16-ல 20 அங்குலக் குழல் வெச்சப்ப தோட்டா நொடிக்கு 940 மீட்டர் வாக்குல போச்சு. 14.5 அங்குலமா சுருக்கி எம்-4 செஞ்சப்ப அது 900-க்குக் கீழே இறங்கிடுச்சு. கிட்டத்துல சுடறப்ப பெரிசாத் தெரியாது, தூரத்துல தெரியும். அதனால குழலை வெட்டாம துப்பாக்கியைச் சுருக்க ஒரே வழி புல்பப்.

படிச்சப்ப எனக்கு "அடேங்கப்பா"ன்னுதான் இருந்துச்சு. இவ்வளவு சுலபமான யோசனைன்னா, உலகத்துல எல்லாரும் ஏன் இதுக்கு மாறலை?

சிக்கல் எங்க போச்சு?

பொட்டி தட்டறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ஒரு இடத்துல கோடு எளிமையாச்சுன்னா, அந்தச் சிக்கல் ஆவியாப் போயிடலை, வேற எங்கயோ போய் உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். ஸ்க்ரீன் அழகா இருந்தா டேட்டாபேஸ்காரன் தலையில கை வெச்சுக்கிட்டு இருப்பான். புல்பப்லயும் அதே கதைதான். அந்த 24 சென்டிமீட்டரோட விலையை யார் குடுத்தாங்கன்னு ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

முதல்ல விசை. எஞ்சின் பின்னாடி போயிடுச்சு, விரல் முன்னாடியே நிக்குது. நடுவுல ஒரு நீளக் கம்பி போட்டு இணைக்கணும். ரொம்ப நாள் ஓடின ஆட்டோவுல கியர் போட்டுப் பார்த்திருக்கீங்களா? கையில திருகறது ஒண்ணு, பின்னாடி எஞ்சின்ல விழறது ஒண்ணுன்னு ஒரு சொதசொதப்பு இருக்கும். புல்பப் விசை பத்திக் காலங்காலமா சொல்ற குறை அதுதான். விரலுக்கு "டக்"னு தெரியணும், ஆனா "சொத"ன்னு தெரியும். நல்ல தயாரிப்புல இதைக் குறைச்சிருக்காங்க. முழுசா ஒழிக்கறது கஷ்டம்.

ரெண்டாவது கன்னம். மாருதி ஆம்னியில முன் சீட்டுக்கு அடியில எஞ்சின். வெயில் காலத்துல டிரைவரைக் கேளுங்க, சொல்லுவார். புல்பப்ல தோட்டா வெடிக்கற அறை உங்க கன்னத்துக்குப் பக்கத்துல இருக்கு. சத்தம் காதுக்குக் கிட்ட, புகை மூக்குக்குக் கிட்ட. ஏதாவது கோளாறாகி உள்ளயே வெடிச்சா, வழக்கமான துப்பாக்கியில அது முகத்துக்கு ஒரு சாண் முன்னாடி நடக்கும். இதுல முகத்துக்கு ஒட்டியே நடக்கும். சிங்கப்பூர்காரன் தன்னோட புல்பப்ல கன்னம் படற இடத்துல கெவ்லார் தகடு வெச்சிருக்கான். குண்டு துளைக்காத சட்டையில போடற அதே கெவ்லார்.

மூணாவது மேகசின். சண்டைக்கு நடுவுல தோட்டா தீர்ந்தா, கையை நெஞ்சுக்கு முன்னாடி கொண்டுபோய் மாத்தறது சுலபமா, அக்குளுக்குப் பக்கத்துல கொண்டுபோய் மாத்தறது சுலபமா? பழகிட்டா ரெண்டும் ஒண்ணுதான்னு புல்பப் கட்சிக்காரங்க சொல்றாங்க. பழகணும், அதான் விலை.

நாலாவது அளவு. வழக்கமான துப்பாக்கியில கட்டை வெறும் கட்டைங்கறதால அதை நீட்டலாம், குறைக்கலாம், மடக்கலாம். குட்டையான ஆள், நெட்டையான ஆள், குண்டு துளைக்காத சட்டை போட்ட ஆள்னு அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கலாம். புல்பப்ல கட்டைக்குள்ள எஞ்சின் இருக்கு. எஞ்சினை எங்க மடக்கறது? கம்பெனி வெச்ச அளவுதான் உங்க கை அளவு. ரெடிமேட் சட்டை மாதிரி.

அஞ்சாவது, எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். தனியாவே எழுதணும்.

பீச்சாங்கைக்காரன் பாடு

நான் இடது கைக்காரன். எங்க அப்பாயி சோறு சாப்பிடறப்ப என் இடது கையைப் புறங்கையில தட்டித் தட்டியே சோத்துக்கைக்கு மாத்தினாங்க. பேனா மட்டும் தப்பிச்சுடுச்சு. கத்தரிக்கோல், பள்ளிக்கூட பெஞ்சுல எழுதறப்ப இடிக்கற பக்கத்து முழங்கை, காலேஜ்ல அந்த ஒத்தைக் கை வெச்ச நாற்காலின்னு இந்த உலகம் யாருக்காகச் செஞ்சதுங்கறது எங்களுக்குத் தினமும் ஞாபகப்படுத்தப்படும்.

காலேஜ் என்.சி.சி.யில .22 துப்பாக்கியில அஞ்சு ரவுண்டு சுடக் குடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் கையால போல்ட்டை இழுத்து ஏத்தற ரகம். போல்ட் பிடி வலது பக்கம். இடது தோள்ல வெச்சுச் சுடறவன் மேல தாண்டிக் கையைக் கொண்டுபோய் இழுக்கணும். அஞ்சு ரவுண்டுக்கு மத்தவங்க எடுத்த நேரத்தைப் போல ரெண்டு மடங்கு எனக்கு ஆச்சு. ஆனாலும் சுட முடிஞ்சுது. இதுதான் முக்கியம். வழக்கமான துப்பாக்கியில இடது கைக்காரனுக்கு அசௌகரியம் உண்டு, தடை இல்லை. காலிக்கூடு வலது பக்கம் வெளிய வந்தாலும், அது முகத்துக்கு முன்னாடியே பறந்து போயிடும்.

புல்பப்ல காலிக்கூடு வெளிய வர்ற ஓட்டை, கட்டையோட வலது பக்கத்துல இருக்கு. வலது தோள்ல வெச்சுச் சுட்டா பிரச்சினை இல்லை. இடது தோள்ல வெச்சா அந்த ஓட்டை நேரா உங்க முகத்துக்கு எதிரே. கொதிக்கக் கொதிக்க பித்தளைக் கூடு, நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல சுடற வேகத்துல. பிரிட்டிஷ் ராணுவத்தோட எல்-85 புல்பப்பை இடது தோள்ல வெச்சுச் சுடவே முடியாது. இடது கைக்காரனா இருந்தாலும் வலது தோள்தான்னு எல்லாருக்கும் பயிற்சி. எங்க அப்பாயிக்கு பிரிட்டிஷ் ராணுவத்துல வேலை கிடைச்சிருக்கும் போல.

இடது கைக்காரன் பத்துல ஒருத்தன்தானே, சமாளிச்சுக்கட்டும்னு விட்டுட முடியாது. ஒரு கட்டடத்தோட இடது மூலையில மறைஞ்சு நின்னு சுடணும்னா, வலது கைக்காரனும் துப்பாக்கியை இடது தோளுக்கு மாத்தினாத்தான் உடம்பு மறைவுல இருக்கும். மாத்தலைன்னா பாதி உடம்பு வெளிய. ஆக, வீட்டுக்குள்ளயும் சந்துலயும் சுலபமா இருக்கணும்னு குட்டையாக்கின அதே துப்பாக்கி, அந்த வீட்டோட ஒரு பக்க மூலையில முரண்டு பிடிக்குது.

இதுக்கு எஞ்சினியருங்க குடுத்த விடைகளைப் பார்த்தா பாவமாவும் இருக்கும், பெருமையாவும் இருக்கும். ஆஸ்திரியாவோட ஸ்டெயர் ஆக், டவோர் ரெண்டுலயும் போல்ட்டை மாத்திப் போட்டு, ஓட்டையை இடது பக்கம் கொண்டுவரலாம். ஆனா அதைப் பட்டறையில உட்கார்ந்து செய்யணும், மூலையில நிக்கறப்ப முடியாது. பெல்ஜியம்காரன் எஃப்.என். எஃப்-2000-ல காலிக்கூட்டை ஒரு குழாய் வழியா முன்னாடி கொண்டுபோய்க் குழல் பக்கத்துல கீழே விழவெச்சான். எந்தத் தோளானாலும் கவலை இல்லை. இந்தத் துப்பாக்கியை நீங்களும் பார்த்திருப்பீங்க. பிரதமரைச் சுத்திக் கறுப்புக் கண்ணாடி போட்டு நடப்பாங்களே எஸ்.பி.ஜி. ஆளுங்க, அவங்க கையில வழவழன்னு, பெரிய மீன் மாதிரி இருக்குமே, அதேதான். பத்துல ஒருத்தனுக்காக உள்ள ஒரு கூடுதல் குழாயே போட்டிருக்கான் பாருங்க. அந்த டிசைனர் கையைப் பிடிச்சுக் குலுக்கணும் போல இருக்கு. (இடது கையால.)

போனவங்களும் திரும்பி வந்தவங்களும்

இந்த யோசனை புதுசும் இல்லை. 1901-லயே தார்னிகிராஃப்ட்னு ஒரு பிரிட்டிஷ் துப்பாக்கி இந்த வடிவத்துல வந்து, சரிப்படலைன்னு ஒதுக்கிட்டாங்க. 1951-ல பிரிட்டன் இ.எம்-2னு ஒரு புல்பப்பை ராணுவத்துக்குத் தேர்ந்தெடுத்தே விட்டுச்சு. 889 மி.மீ. நீளத்துக்குள்ள 623 மி.மீ. குழல். ஆனா அமெரிக்கா பெரிய தோட்டாதான் வேணும்னு நின்னதால அதைக் கைவிட்டாங்க. அதுக்குப் பதிலா வந்ததுதான் எஸ்.எல்.ஆர். நம்ம நாட்டுலயும் இஷாபூர்ல செஞ்சாங்க. பேங்க் வாசல்லயும் கலெக்டர் ஆபீஸ் வாசல்லயும் போலீஸ்காரர் தோள்ல ஆளுயரத்துக்கு முக்கால்வாசி தொங்குமே, அந்த நீளத் துப்பாக்கி. அந்த ஒரு முடிவு மட்டும் வேற மாதிரி போயிருந்தா, நம்மூர் ஏட்டய்யா தோள்லயும் குட்டைத் துப்பாக்கி தொங்கியிருக்குமோ என்னவோ.

1977-ல ஆஸ்திரியா ஸ்டெயர் ஆக், 1978-ல பிரான்ஸ் ஃபமாஸ் (வடிவத்தைப் பார்த்து எக்காளம்னு பட்டப்பேர்), 1985-ல பிரிட்டன் எல்-85, 1997-ல ஹாங்காங் கைமாறினப்ப சீனப் படைவீரங்க கையில கியூ.பி.இசட்-95ன்னு வரிசையா வந்துச்சு. 1999-ல சிங்கப்பூர் எஸ்.ஏ.ஆர்-21. எம்-16-ஐ ஓரங்கட்டிட்டு வந்தது. குழல் அதே 508 மி.மீ., மொத்த நீளம் மட்டும் 805-ஆ குறைஞ்சிடுச்சு.

சிங்கப்பூர்னதும் எங்க மாவட்டத்துல ஒரு வீட்டையாவது தொடாம பேச்சு முடியாது. எங்க பெரியப்பா குடும்பம் அங்கதான். பெரியப்பா மகன் அங்கயே வளர்ந்து, ரெண்டு வருஷம் தேசிய சேவை முடிச்சவர். பொங்கலுக்கு வந்திருந்தப்ப புடிச்சுக்கிட்டேன்.

"அண்ணே, புல்பப் நல்லதா, பழைய மாடல் நல்லதா? நீங்க சொல்லுங்க."

"எனக்கு எப்படிடா தம்பி தெரியும்? பழைய மாடலை நான் தொட்டதே இல்லை. குடுத்ததைத் தூக்கினேன்."

"சரிண்ணே, தூக்கினதுல எப்படி?"

"கவச வண்டிக்குள்ள ஏழெட்டு பேரை அடைச்சு ஏத்துவாங்க. கதவு திறந்ததும் எகிறிக் குதிக்கணும். அப்ப நீளமா இருந்தா முன்னாடி இருக்கறவன் முதுகுல இடிக்கும். அதுக்கு இது சொகம்தான். எடை உடம்போட ஒட்டி இருக்கும், கை அவ்வளவு நோவாது. படுத்துக்கிட்டு மேகசின் மாத்தறதுதான் முதல்ல பேஜார். அப்புறம் கை தானா போகும்."

"இடது கைக்காரங்க?"

"உன்னைய மாதிரியா? இருந்தாங்க. கூடு முகத்துல அடிக்காம இருக்க பின்னாடி ஒரு திட்டு மாதிரி வெச்சிருக்கு, தட்டித் திருப்பி விட்டுடும். ஆனா மூக்குக்கு முன்னாடி பறக்கறதைப் பார்த்துக்கிட்டே சுடணும்ல, அது வேற தைரியம்."

அண்ணன் சொன்னதுல முக்கியமானது முதல் வரிதான்னு எனக்குத் தோணுது. குடுத்ததைத் தூக்கினேன். ஊர் முழுக்க ஒரே துப்பாக்கி, எல்லாரும் முதல் நாள்லேருந்து அதுலயே பழகறாங்க, சின்னத் தீவு, எங்க பார்த்தாலும் அடுக்குமாடி, வண்டியிலதான் பயணம். அந்த இடத்துக்கு அந்த வடிவம் பொருந்துது.

ஆனா மத்த இடங்கள்ல என்ன ஆச்சு? நியூசிலாந்து 2016 வாக்குல ஸ்டெயரை விட்டு வழக்கமான வடிவத்துக்குப் போயிடுச்சு. பிரான்ஸ் 2017-லேருந்து ஃபமாஸுக்குப் பதிலா ஜெர்மன் ஹெச்.கே-416. சீனா 2019 அணிவகுப்புல காட்டின புதுத் துப்பாக்கி, கியூ.பி.இசட்-191, வழக்கமான வடிவம். பிரிட்டன்கூட 2023-ல சில சிறப்புப் பிரிவுகளுக்கு வாங்கினது வழக்கமான வடிவத்தைத்தான். ஆஸ்திரேலியா மட்டும் தன்னோட ஸ்டெயரையே மெருகேத்தி வெச்சிருக்கு.

ஏன் திரும்பினாங்க? 1970-கள்ல புல்பப் தீர்த்து வெச்ச பிரச்சினையை மத்தவங்க வேற வழியில பாதி தீர்த்துட்டாங்க. குழலைக் கொஞ்சம் குறைச்சு, தோட்டாவை மேம்படுத்தி, கட்டையை நீட்டி மடக்கற மாதிரி செஞ்சு, நல்ல லென்ஸ் மாட்டிட்டாங்க. அதோட, குண்டு துளைக்காத சட்டை எல்லாரும் போட ஆரம்பிச்சதும், கட்டை நீளத்தை மாத்திக்க முடியறது பெரிய விஷயம் ஆயிடுச்சு. முழு வெற்றி இல்லை, ஆனா எல்லாருக்கும் பொருந்தற பாதி வெற்றி.

நவல்பட்டும் நம்ம நாடும்

நம்ம நாடு என்ன செஞ்சுதுன்னா, நம்ம வழக்கப்படி ரெண்டு பக்கமும் கால் வெச்சுது. 2000-களோட தொடக்கத்துல சிறப்புப் படைகளுக்கு டவோர் வாங்கினாங்க. கடற்படையோட மார்கோஸ், விமானப்படையோட கருட், ராணுவத்தோட பாரா சிறப்புப் படை கையில எல்லாம் அது வந்துச்சு. அதோட தம்பி எக்ஸ்-95, சி.ஆர்.பி.எஃப். கோப்ரா பிரிவுக்குப் போச்சு. 2017-லேருந்து குவாலியர் பக்கத்துல மாலன்பூர்ல இந்தத் துப்பாக்கிகளைச் செய்யறதுக்கு பி.எல்.ஆர்.னு ஒரு தொழிற்சாலையும் வந்துடுச்சு.

ஆனா சாதாரண சிப்பாய்க்கு? இன்சாஸ், அதுக்கப்புறம் 2019-ல ஆர்டர் குடுத்த 72,400 சிக்-716, அப்புறம் அமேதி மாவட்டம் கோர்வாவுல ரஷ்யாவோட சேர்ந்து செய்யற ஏ.கே-203. எல்லாமே வழக்கமான வடிவம். நம்ம நவல்பட்டு டாரும் கலாஷ்னிகோவ் குடும்பத்து வாரிசுதான். 7.62x39 தோட்டா, மடக்கற கட்டை. 2021 அக்டோபர்ல ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைச்சு ஏழு கம்பெனி ஆக்கினப்ப, நவல்பட்டு தொழிற்சாலை கான்பூரைத் தலைமையா வெச்ச கம்பெனிக்குக் கீழே போயிடுச்சு. செய்யறது அதே துப்பாக்கிதான்.

இது பயந்தாங்கொள்ளித்தனம்னு நான் நினைக்கலை. பத்து லட்சத்துக்கும் மேல ஆள் இருக்கற ராணுவம். சியாச்சின் பனியிலயும் நிக்கணும், தார் பாலைவனத்துலயும் நிக்கணும். (இது மூணாவது தார்!) 1999 கார்கில்ல இன்சாஸோட பிளாஸ்டிக் மேகசின் குளிர்ல விரிசல் விட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அந்த மாதிரி இடத்துல புத்திசாலித்தனமான டிசைனை விட, எவன் கையிலயும் நிக்கற, எந்தத் தோள்லயும் உட்கார்ற, சேத்துல போட்டு எடுத்தாலும் சுடற டிசைன்தான் வேணும். பொறுக்கியெடுத்த ஆயிரக்கணக்கான பேருக்கு, மாசக்கணக்குல தனிப்பயிற்சி குடுக்க முடியற இடத்துல புல்பப் தன் விலையைத் திருப்பிக் குடுக்கும். லட்சக்கணக்கான பேருக்குன்னு வர்றப்ப, அந்தப் பத்துல ஒருத்தன் மட்டுமே லட்சம் பேரைத் தாண்டிடுவான்.

ஆக என் தீர்ப்பு: ஹெலிகாப்டர்லேருந்து இறங்கற ஆளுக்கு டவோர். வயல் வரப்புல நடக்கற ஆளுக்கு நவல்பட்டு டார்.

குழலோட மறுமுனை

இங்க முடிச்சிருக்கணும். ஆனா ஊர்க்காரனா இருந்துக்கிட்டு முடிக்க முடியலை.

மேல பஸ் ரூட்டு சொன்னேன்ல, அதுல நார்த்தாமலைன்னு ஒரு ஊர். குன்றும், குடைவரைக் கோயிலும், விஜயாலய சோழீஸ்வரமும் இருக்கற ஊர். பக்கத்துல பசுமலைப்பட்டியில துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம். 2021 டிசம்பர் 30-ஆம் தேதி அங்க மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரங்க பயிற்சி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, நார்த்தாமலையில, தாத்தா வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில ஒரு தோட்டா பாய்ஞ்சுது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணினாங்க. 2022 ஜனவரி 3-ஆம் தேதி பையன் இறந்துட்டான்.

துப்பாக்கி பத்தி இவ்வளவு படிச்சிட்டு, எல்லா அட்டவணையையும் பார்த்துட்டு, எனக்குக் கடைசியா உறைச்சது இதுதான். நீளம், எடை, விசையோட மென்மை, காலிக்கூடு எந்தப் பக்கம் பறக்கும், கன்னத்துக்குத் தகடு உண்டா, அப்படின்னு நாங்க ஒப்பிடற அத்தனையும் குழலோட இந்தப் பக்கத்துக்கு. பிடிச்சிருக்கறவனோட சௌகரியத்துக்கு. அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு எண்தான்: எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம். 400 மீட்டர், 500 மீட்டர்னு விளம்பரத்துல போடறது குறி வெச்சு அடிக்கற தூரம். தோட்டா அங்க நின்னுடறதில்லை. சின்னத் தோட்டான்னு நாம சொல்ற 5.56-கூட தடுக்க ஒண்ணும் இல்லைன்னா மூணு கிலோமீட்டர் தாண்டிப் போகும். புல்பப்போ பழைய மாடலோ, 460 மி.மீ.-யோ 464 மி.மீ.-யோ, அந்த முனையில எந்த வித்தியாசமும் இல்லை.

துப்பாக்கியைச் சுருக்கினா சிக்கல் எங்க போச்சுன்னு மேல கேட்டோம். விசைக்குப் போச்சு, கன்னத்துக்குப் போச்சு, இடது கைக்காரன்கிட்ட போச்சு. இதுக்கெல்லாம் எஞ்சினியருங்க ஒரு கம்பி, ஒரு தகடு, ஒரு குழாய்னு விடை கண்டுபிடிச்சிருக்காங்க. மறுமுனைக்கான விடை துப்பாக்கிக்குள்ள இல்லை. அது மண்மேட்டோட உயரத்துலயும், தளத்துக்குப் பின்னாடி எத்தனை கிலோமீட்டருக்கு வீடு இருக்குன்னு பார்க்கறதுலயும், சுடறதுக்கு முன்னாடி சுத்துப்பட்டு ஊருக்குச் சொல்றதுலயும் இருக்கு. அதெல்லாம் அலுப்பான வேலை. அதுக்கு அழகான டிசைன் கிடையாது, அணிவகுப்புல காட்ட முடியாது. ஆனா அந்த வேலையில 24 சென்டிமீட்டர் குறைஞ்சாலும் அதோட விலையைக் குடுக்கறவன் துப்பாக்கியைத் தொட்டே பார்த்திருக்க மாட்டான்.

திருச்சிக்குப் போற பஸ் நார்த்தாமலையில நிக்கறப்ப, ஜன்னல் வழியா அந்தக் குன்றைப் பார்த்தா இப்பல்லாம் எனக்கு எண்கள்தான் ஞாபகம் வருது. ரெண்டு கிலோமீட்டர். பதினோரு வயசு.

பி.கு.: அண்ணன் இதைப் படிச்சுட்டு, "கெவ்லார் தகடு பத்தி எழுதினியே, அது இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தாண்டா தெரியும்"னு சொன்னார். ரெண்டு வருஷம் அதுமேல கன்னத்தை வெச்சுக்கிட்டு இருந்தவர். நல்ல டிசைன்னா அப்படித்தான் இருக்கணும் போல.